பொன்னுச்சியின் இரட்டை ஓலை

ஒரு குளம். குளத்தின் மேல் சாய்ந்து நின்றது ஓர் ஈச்ச மரம். முதல் மழை பெய்து, கரையில் நாணல் பச்சென்று தலைதூக்கியதும் அந்த மரத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டத் தொடங்கின.

தூக்கணாங்குருவிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. ஆண் குருவிதான் கூடு கட்ட வேண்டும். பாதி கட்டியதும் பெண் குருவி பார்க்க வரும். சும்மா பார்த்துவிட்டுப் போகாது! கூட்டில் உட்கார்ந்து ஆடிப் பார்க்கும். ஒவ்வொரு முடிச்சாக அலகால் இழுத்துப் பார்க்கும். பிடித்தால் தங்கும், பிடிக்காவிட்டால் பறந்துவிடும். நாணல் பூப்பதற்குள் ஒரு பெண் குருவிக்கும் கூடு பிடிக்கவில்லையென்றால், அந்த வருஷம் அந்த ஆண் குருவிக்குக் குடும்பமும் கிடையாது, குஞ்சும் கிடையாது.

அந்த மரத்தில் பொன்னுச்சி என்றொரு குருவி இருந்தான். அந்த வருஷம்தான் அவன் தலையில் முதல் முறையாக மஞ்சள் நிறம் ஏறியிருந்தது. கூடவே கொஞ்சம் தலைக்கனமும் ஏறியிருந்தது. அவனுக்குப் பக்கத்து மட்டையில் நேர்மூக்கன் கட்டிக்கொண்டிருந்தான். அவன் பொன்னுச்சியைவிட ஒரே ஒரு மழைக்காலம் மூத்தவன். ஆனால் அவன் பேச்சைக் கேட்டால் இந்த மரத்தை நட்டதே அவன்தான் என்று தோன்றும்.

"தம்பி, நல்லாக் கேட்டுக்கோ! பச்சைப் புல்தான் கிழிக்கணும். முதல் முடிச்சை மூணு சுத்து சுத்தணும். வாசல் கீழே பார்த்திருக்கணும். ஒரு கூட்டுக்கு ஒரு ஓலைதான். போன வருஷம் தாங்கின ஓலையை மாத்தவே கூடாது!"

"ஏன் அண்ணே?"

"ஏன்னா அப்படித்தான்!"

"இது ஒரு பதிலா?" பொன்னுச்சிக்குச் சுர்ரென்று ஏறியது. "மரம் முழுக்க ஒரே சுரைக்காயாத் தொங்குது! எது யாரு வீடுன்னே தெரியலை. நான் என் மனசுபோலக் கட்டப்போறேன். எனக்கு எந்த விதியும் வேண்டாம்!"

கட்டினான். பச்சைப் புல்லை விட்டுவிட்டு வெள்ளி போல மின்னும் காய்ந்த புல்லை எடுத்தான். வானம் தெரியட்டும் என்று வாசலை மேலே வைத்தான். முடிச்சுப் போடப் பொறுமை இல்லை. இங்கொன்றும் அங்கொன்றுமாகச் செருகினான். செருகிய இடமெல்லாம் ஆவாரம்பூ இதழை ஒட்டினான்.

மரத்தடியில் ஒரு ஓணான் இருந்தது. பொன்னுச்சி அதனிடம் கேட்டான்.

"நல்லா இருக்கா?"

ஓணான் தலையை ஆட்டியது.

"இப்படி ஒரு கூட்டை யாராவது கட்டியிருக்காங்களா? நான் பெரிய கலைஞன்தானே?"

ஓணான் இன்னும் வேகமாக ஆட்டியது. ஓணானுக்கு வேறென்ன தெரியும்? ஈ வந்தாலும் ஆட்டும், இடி விழுந்தாலும் ஆட்டும். அதைப் போய்ப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டான் பாருங்கள், அவனை என்ன சொல்ல!

மறுநாள் காலை செம்பி வந்தாள். அந்தக் குளக்கரையிலேயே கறாரான பெண் குருவி அவள்தான். மற்றக் கூடுகளை விட்டுவிட்டு நேரே பொன்னுச்சியின் கூட்டுக்கு வந்தாள். மஞ்சள் பூ அவளை இழுத்திருந்தது.

செம்பி உட்கார்ந்தாள். ஒரே ஒரு புல்லை அலகால் பிடித்து இழுத்தாள்.

அவ்வளவுதான்! கூடு மொத்தமும் பொலபொலவென்று உதிர்ந்து குளத்தில் விழுந்தது. செம்பியின் வாயில் அந்த ஒரு புல் மட்டும் மிச்சம். மரமே சிரித்தது. நேர்மூக்கன் சிரித்த சிரிப்பில் அவன் கிழித்து வைத்திருந்த புல்லும் கீழே விழுந்தது.

செம்பி மட்டும் சிரிக்கவில்லை.

"பூ அழகா இருந்துச்சு. இப்படி யாரும் வச்சு நான் பார்த்ததில்லை. ஆனா, அந்தப் பூவை வைக்க ஒரு சுவர் வேணுமே! என் முட்டையை நான் எதை நம்பி வைக்கிறது?"

சொல்லிவிட்டுப் பறந்துபோனாள். பொன்னுச்சி அன்று முழுக்க எதுவும் தின்னவில்லை. தண்ணீரில் மிதந்த இதழ்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அவமானம் ஒரு பக்கம். அவள் சொன்னது உண்மை என்ற வலி மறு பக்கம்.

அடுத்த நாள் நேர்மூக்கனிடம் போய் நின்றான்.

"அண்ணே, அந்த முதல் முடிச்சை எனக்குக் காட்டுங்க."

"ஓஹோ! வந்துட்டாரா கலைஞரு?"

"எவ்வளவு வேணும்னாலும் கிண்டல் பண்ணுங்க. முடிச்சைக் காட்டிட்டுப் பண்ணுங்க."

நேர்மூக்கன் காட்டினான். அவன் அலகு போன வேகத்தில் பொன்னுச்சிக்குக் கண்ணே சுற்றியது. ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு ஒதுங்கினான். கட்டினான், அவிழ்த்தான். மறுபடி கட்டினான். முதல் நாள் நூறு முடிச்சு, நூறும் நழுவின. அலகு வலித்தது. "போதும் போ" என்று எத்தனையோ தடவை குச்சியைத் தள்ளிவிட்டான். தள்ளிவிட்ட குச்சியைத் தானே போய் எடுத்துவந்தான்.

கட்டக் கட்ட ஒவ்வொன்றாக விளங்கியது. காய்ந்த புல் வளைத்தால் ஒடிகிறது. பச்சைப் புல்லோ முடிச்சுப் போட்ட பிறகு காய்ந்து, இன்னும் இறுக்குகிறது. மேலே வாசல் வைத்தால் ஒரு மழைக்கே கூடு கிணறாகிவிடும். காக்காயும் நேரே தலையை விடும். கீழே பார்த்த வாசலில் இரண்டும் நடக்காது.

"அட, இதுக்குத்தானா!" என்று பொன்னுச்சி தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். "ஒவ்வொரு விதிக்குப் பின்னாலேயும் எப்போவோ ஒரு முட்டை விழுந்திருக்கு!"

முடிச்சு அலகில் நிற்கப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. கரையில் நாணல் மொட்டு விட்டுவிட்டது. திரும்பிப் பார்த்தால், தண்ணீர்ப் பக்கம் இருந்த கெட்டியான ஓலையெல்லாம் மற்றவர்கள் பிடித்துவிட்டார்கள். மிச்சம் இருந்தவை இளம் ஓலைகள், நூல் மாதிரி. எதுவும் ஒரு கூட்டைத் தாங்காது.

பொன்னுச்சி இரண்டு ஓலைகளைச் சேர்த்துக் கட்டிப் பார்த்தான். காற்றில் ஒன்று இந்தப் பக்கம் போயிற்று, இன்னொன்று அந்தப் பக்கம் போயிற்று. முடிச்சு பிய்ந்தது. 'ஒரு கூட்டுக்கு ஒரு ஓலை' என்று ஏன் சொன்னார்கள் என்று புரிந்தது. உட்கார்ந்து யோசித்தான். பிறகு இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கினான். முறுக்கின் மேல் அந்த முதல் முடிச்சை மூன்று சுற்றுச் சுற்றினான். தொங்கி ஆடிப் பார்த்தான். இரண்டும் ஒரே பக்கம் ஆடின!

"டேய்! விதியை மீறிட்டியே!" என்று நேர்மூக்கன் கத்தினான்.

"இது இப்போ ஒரே ஓலை அண்ணே, பாருங்க! சரி, உங்க ஓலையைக் கவனிச்சீங்களா? அடியில பழுத்துப்போச்சே!"

"போன வருஷம் தாங்கின ஓலை இது! விதி தெரியாதவன் எனக்குச் சொல்லவந்துட்டான்!"

நேர்மூக்கன் திரும்பிக்கொண்டான். அவன் கூட்டில் அப்போது மூன்று முட்டைகள் இருந்தன. அவன் துணை உள்ளே அடைகாத்துக்கொண்டிருந்தாள்.

நாணல் பூக்க இரண்டு நாள் இருக்கும்போது செம்பி மறுபடி வந்தாள். கூட்டில் உட்கார்ந்து ஆடினாள். முடிச்சு ஒவ்வொன்றையும் இழுத்தாள். ஒன்றும் வரவில்லை. காலை ஊன்றி இழுத்தாள். அப்போதும் வரவில்லை! பிறகு கூட்டின் உட்புறம் எட்டிப் பார்த்தாள். ஈரக் களிமண் அப்பிய இடத்தில் ஆவாரம்பூ இதழ்கள் வரிசையாகப் பதிந்திருந்தன.

"உள்ளே விளக்கு ஏத்தின மாதிரி இருக்கு" என்றாள் செம்பி.

"பிடிச்சிருக்கா?" என்றான் பொன்னுச்சி.

"கேள்வி கேட்டுட்டு நிக்கிறியே! மிச்சத்தைக் கட்டு. நான் மெத்தைக்குப் பஞ்சு கொண்டுவரேன்."

பொன்னுச்சி மரத்தை மூன்று முறை சுற்றிப் பறந்தான். சந்தோஷம் தாங்கவில்லை அவனுக்கு. ஓணான் கீழே தலையை ஆட்டியது. இந்தத் தடவை அவன் அதைப் பார்க்கவே இல்லை.

கூடு முடிந்து ஒரு வாரம் போயிருக்கும். ஒரு மத்தியானம் வானம் கறுத்துக் காற்று சுழன்றடித்தது. பொன்னுச்சியின் முறுக்கோலை கிறுகிறுவென்று சுழன்றது, சத்தம் போட்டது, ஆனால் விடவில்லை. பக்கத்தில் 'கிர்ர்' என்று ஏதோ கிழிந்தது. நேர்மூக்கனின் பழுத்த ஓலை! கூடு ஒரு பக்கம் சரிந்தது. வாசல் வழியாக ஒரு முட்டை வழுக்கி, 'ப்ளக்' என்று தண்ணீரில் விழுந்தது.

"விதிப்படிதானே கட்டினேன்! விதிப்படிதானே கட்டினேன்!" நேர்மூக்கன் கூட்டைச் சுற்றிச் சுற்றிக் கதறினான். உள்ளே அவன் துணை மிச்ச முட்டைகளைச் சிறகால் அணைத்துக்கொண்டு, "யாராவது வாங்களேன்!" என்று அலறினாள்.

பொன்னுச்சி பாய்ந்து வந்தான். "விதியை அப்புறம் பேசிக்கலாம் அண்ணே! பக்கத்து ஓலை ரெண்டை இழுத்து நான் முறுக்கறேன். நீங்க முடிச்சுப் போடுங்க. உங்க வேகம் எனக்கு வராது!"

"இரண்டு ஓலையா?"

"அண்ணே! முட்டை!"

நேர்மூக்கன் பாய்ந்து வந்து மட்டையைப் பற்றிக்கொண்டான். பொன்னுச்சி பக்கத்தில் இருந்த இரண்டு இளம் ஓலைகளை இழுத்து, ஒன்றோடொன்று முறுக்கினான். செம்பி பச்சைப் புல்லைக் கிழித்துக் கிழித்துக் கொடுத்தாள். நேர்மூக்கனின் அலகு மழையில் நனைந்துகொண்டே பறந்தது. மூணு சுற்று, இழு! மூணு சுற்று, இழு! கடைசி முடிச்சு விழுந்த கணத்தில் பழுத்த ஓலை முழுசாக அறுந்தது. கூடு ஒரு குலுங்கு குலுங்கி, முறுக்கில் நின்றது. உள்ளே இரண்டு முட்டைகள் பிழைத்தன.

காற்று ஓய்ந்ததும் நேர்மூக்கன் முட்டை விழுந்த இடத்தைத் தாழப் பறந்து ஒரு முறை சுற்றிவந்தான். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"தம்பி, அந்த முறுக்கை எனக்குக் காட்டித் தருவியா?"

"வாங்க அண்ணே" என்றான் பொன்னுச்சி. கிண்டல் பண்ண அவனுக்கு மனசு வரவில்லை.

அந்த இரண்டு முட்டைகளிலிருந்தும் குஞ்சுகள் வந்தன. வளர்ந்தன. அடுத்த மழைக்கு அடுத்த மழையில் அதில் ஒருவனுக்குத் தலையில் மஞ்சள் ஏறியது. அவன் அப்பன் நேர்மூக்கன் பக்கத்தில் வந்து நின்று, "டேய், பழுத்த ஓலையில கட்டாதே!" என்றான்.

"ஏன்ப்பா?" என்றான் மகன்.

'அப்படித்தான்' என்ற சொல் நேர்மூக்கனின் அலகு நுனி வரை வந்தது. அவன் அதை விழுங்கினான்.

"உட்கார். உனக்கு ஒரு அண்ணன் இருந்திருக்கணும். அந்தக் கதையைச் சொல்றேன். கேட்டுட்டு, ஓலையை நீயே தொட்டுப் பார்த்து முடிவு பண்ணு."

மகன் கதையைக் கேட்டான். ஓலை ஓலையாகத் தொட்டுப் பார்த்துக் கெட்டியான ஒன்றைத் தேர்ந்தெடுத்தான். முதல் முடிச்சை மூன்று சுற்றுச் சுற்றினான். பிறகு ஆவாரம்பூ வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நீலச் சங்குப்பூ தேடிப் பறந்தான்.

விதியைக் காரணத்தோடு கற்றுக் கை பழகியவனுக்கே, அதை மாற்றிப் புதிதாக ஒன்றைப் படைக்கும் சுதந்திரம் கைகூடும்.