மூன்றாம் கழுவல்

அறுவை மருத்துவத்தில் முப்பதாண்டு பணியாற்றி ஓய்வுபெற்றவரும், அகவை அறுபத்தொன்று நிறைந்தவருமான மருத்துவர் திருமேனிநாதன் அவர்கள், தம்மினும் பத்தொன்பது வயது இளையவரான ஜெபசெல்வியிடம் மாணவராக அமர்ந்தார்.

அவர் கற்க வந்தது ஒரு மருத்துவ ஆய்வு நிலையத்தின் புரத ஆய்வுக்கூடம். நோயாளியின் திசுவில் படிந்திருப்பது எந்தப் புரதம் என்பதை அங்குள்ள மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்னும் கருவி எடைபோட்டுச் சொல்லும். அதைக் கொண்டே மருந்து முடிவாகும்.

மாயழகு என்பவரின் இதயத் திசுவில், அவருடைய மாதிரிக்கு முன் கருவியில் ஓட்டப்பட்ட வேறொருவரின் புரதத்தைக் கண்டு, அதையே அறிக்கையாக எழுதிவிட்டார் திருமேனிநாதன். இரு மாதிரிகளுக்கு நடுவே வெறும் நீரை ஓட்டிக் கருவியின் குழலைக் கழுவ வேண்டும். அன்று அவர் கழுவவில்லை. நான்கு மாதம், தேவையே இல்லாத கடுமருந்து மாயழகின் உடம்பில் ஏறியது. முடி உதிர்ந்தது. விரல்கள் மரத்துப்போயின.

மீந்திருந்த திசுத் துணுக்கை மறுபடி ஓட்டிப் பார்த்துப் பிழையைக் கண்டவர் ஜெபசெல்வி.

"சாம்பார்க் கரண்டியைக் கழுவாமல் பாயசத்தில் விட்டிருக்கிறீர்கள், டாக்டர்."

"முப்பது வருஷம் ஒவ்வொரு நோயாளிக்கு முன்னாலும் கை கழுவியவன் நான், மேடம்."

"அன்றைக்கு என்ன வந்தது?"

"வரிசையில் இருபது மாதிரி. கழுவலுக்கு ஒரு மணி நேரம். ஒருமுறைதானே என்று விட்டேன்."

மருந்தை நிறுத்தச் சொல்லி அன்றே தொலைபேசி போயிற்று. ஏன் நிறுத்துகிறோம் என்பதை மட்டும் மாயழகிடம் எவரும் சொல்லவில்லை. வாரம் இரண்டு கடந்தது.

"திருத்திய அறிக்கையை அஞ்சலில் அனுப்பிவிடட்டுமா, மேடம்?"

ஜெபசெல்வி கருவியின் முன் அமர்ந்தார். அன்று மாயழகுக்கு முன் ஓடிய அந்த வேறொருவரின் மாதிரியை ஓட்டினார். அதன் பின்னே வெறும் நீரை ஓட்டினார். நீரிலும் திரையில் அதே புரதம் நிமிர்ந்து நின்றது. மறுபடி நீர், குறைந்தது. மூன்றாம் முறையும் நீர். மங்கலாக இன்னும் இருந்தது.

"மூன்று கழுவலுக்குமா போகவில்லை?"

"ஒட்டிக்கொண்டதல்லவா?"

திருமேனிநாதன் குரல் தாழ்த்திக் கேட்டார்:

"அந்த மனிதரிடம் எத்தனை முறை மன்னிப்புக் கேட்டால் இது தீரும்?"

"ஒருமுறை போய்வந்துவிட்டு அப்புறம் கேளுங்கள், டாக்டர்."

மாயழகின் வீட்டு வாசலில் நின்று தம் வாயாலேயே திருமேனிநாதன் உண்மையைக் கூறியது, சுபகிருது ஆண்டு, வைகாசித் திங்கள் பதினேழாம் நாள், செவ்வாய்க்கிழமை.