ஒரு சொட்டும் குறையாத பாயசம்

மிராசுதார் சபாநாயகத்துக்குச் சர்க்கரை வியாதி. பாயசத்தைக் குறைத்து, தினமும் நடக்கச் சொன்னார் டாக்டர். மிராசுதாரோ சமையற்காரன் வைரவன்மேல் பாய்ந்தார்: "சர்க்கரை இறங்கணும். ஆனா பாயசம் ஒரு சொட்டு குறைஞ்சாலும் உனக்கு இங்கே வேலை இல்லை!"

வைரவன் எசமானுக்காக ஐயனாரிடம் வேண்டிக்கொண்டான். தினமும் ஏரிக்கரைக் கோயிலில் பாயசம் படைக்கணும். எசமான் நடந்தே வந்து, எல்லோருக்கும் தம் கையால் கொடுத்த பிறகே சாப்பிடணும். சாமி காரியமாச்சே, மறுக்க முடியுமா? செல்லாயியும் மற்ற வயல்வேலைப் பெண்களும் வாங்கிப் போனபின் அவருக்கு மிஞ்சியது ஒரு கரண்டிதான்.

அறுவடைக்குள் சர்க்கரை இறங்கியது. மிராசுதாருக்குச் சூட்சுமமும் புரிந்தது.

"ஏமாத்திட்டியேடா!"

"நான் ஒரு சொட்டும் குறைக்கலைங்க. அள்ளிக் கொடுத்தது உங்க கைதான்."

மறுநாள் விடியுமுன்பே மிராசுதார் வேட்டியை மடித்துக் கட்டி நின்றார்.

"பெரிய பானையா வைடா. நேத்து செல்லாயிக்குப் பத்தலை."