வலப்பக்கத்துப் பாய்

அந்தக் குருகுலத்தில் பாடம் சொல்பவர் மாணவர்களின் முதுகுக்குப் பின்னால் நடந்துகொண்டேதான் சொல்ல வேண்டும். கேள்வி யார் மீது விழும் என்று தெரியாததால் ஒருவரும் தூங்க மாட்டார்கள். திரும்பிப் பார்ப்பது குற்றம். குரு ஏற்படுத்திய வழக்கம்தான். மூத்த சீடர் தேவநாதன் அதில் குருவையே மிஞ்சிவிட்டார்.

அன்று காலை தேவநாதன் பாயோடு வந்து குருவின் வலப்பக்கம் உட்கார்ந்தார்.

"ஐயா, கோமளவல்லியை அனுப்பிடலாம். அவ அம்மாவை வரச் சொல்லிட்டேன். துணி மூட்டையோட வாசல்ல நிக்குறாங்க."

கோமளவல்லிக்குப் பத்து வயது. காது கேட்காது. ஏற்கெனவே இரண்டு பள்ளிகள் அவளைத் திருப்பி அனுப்பியிருந்தன. இதை விட்டால் அவளுக்கு வேறு பள்ளி இல்லை, பாவம்.

"என்ன செஞ்சா?" என்றார் குரு.

"ஒரு மாசமா ஒரு வரி ஏறலை. அதுகூடப் பரவாயில்லை. பாடம் நடக்கும்போது திரும்பித் திரும்பிப் பாக்குறா. எத்தனை தடவை தலையைப் பிடிச்சு நேரா வச்சாலும் மறுபடி திரும்புறா."

குரு எழுந்து, எதிர்த்திசை பார்த்து உட்கார்ந்தார். தேவநாதன் பாயைச் சுருட்டிக்கொண்டு சுற்றிவந்து, மறுபடியும் அவருக்கு வலப்பக்கம் விரித்தார்.

"அந்த மாதிரிப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க எனக்குத் தெரியாது ஐயா. யாரும் எனக்குப் பழக்கிவிடலை."

குரு மறுபடி திரும்பி உட்கார்ந்தார். தேவநாதனும் மறுபடி பாயைத் தூக்கினார். அவருக்கு மூச்சு வாங்கியது.

"ஏன்யா என்னைச் சுத்திச் சுத்தி வர்றே?"

"உங்களுக்கு இடது காது கேக்காதே ஐயா."

"நான் சொன்னேனா?"

"இல்லை."

"வேற யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலை. அந்தப் பக்கம் இருந்து பேசினா, முகத்தைத் திருப்பித் திருப்பிக் கேப்பீங்க. நானாப் புரிஞ்சுக்கிட்டு இந்தப் பக்கம் மாறிட்டேன்."

குரு வாசலைப் பார்த்தார். மூட்டையை இடுப்பில் வைத்தபடி அம்மா நின்றிருந்தாள். கோமளவல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இவர்கள் பேசும் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் திரும்பினப்போ பாயைத் தூக்கினே, தேவநாதா. அவ திரும்பினப்போ தலையைப் பிடிச்சுட்டியே."