இருநூற்றுப் பன்னிரண்டு துண்டுகள்

“இன்னும் வேகமா வழி தேட வைக்க என்ன டீச்சர் செய்யணும்?”

கோமதிநாயகத்துக்கு ஒரு வாரமாக இருப்புக் கொள்ளவில்லை. இருபத்தைந்து வருஷம் நில அளவையில் சங்கிலி இழுத்த மனிதர். ஐம்பத்திரண்டு வயதில் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, தன்னைவிடப் பதினெட்டு வயது இளையவரான மெஹருன்னிசாவிடம் பாடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

மாவட்டத்துச் சாலைகள் எல்லாம் டேட்டாபேஸில் கோடுகளாகக் கிடந்தன. எங்கிருந்து அழைப்பு வந்தாலும், அந்த இடத்தை ஒட்டி எந்தச் சாலை ஓடுகிறதோ, அதுவரைக்கும் குறைந்த தூரத்தில் வழி கண்டுபிடித்து டிரைவருக்குச் சொல்ல வேண்டும். திங்கள்கிழமை முதல் வண்டிகள் கோமதிநாயகத்தின் வரைபடத்தை நம்பித்தான் ஓடப் போகின்றன.

“இப்ப எவ்வளவு நேரம் எடுக்கு?” என்றார் டீச்சர்.

“ஒரு செகண்டு கூட இல்ல. போன வாரம் நாலு செகண்டு. சில ஊருக்கு வழியே இல்லன்னு வேற சொல்லிச்சு.”

“என்ன செஞ்சீங்க?”

இந்தக் கேள்விக்குத்தான் மனுஷர் காத்திருந்தார். எந்தச் சாலையோடும் ஒட்டாமல் தனியாக மிதந்த துண்டுக் கோடுகள் இருநூற்றுப் பன்னிரண்டு. கணக்கைக் குழப்புகிற குப்பை. ஒரே கட்டளையில் அத்தனையையும் அழித்துவிட்டதாகச் சொன்னார். சொல்லும்போது முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

டீச்சர் பழைய பிரதியைத் திறந்து, அழிந்துபோன துண்டுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோமதிநாயகம் கடிகாரத்தைப் பார்த்தார், காலை ஆட்டினார், எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

டீச்சர் ஒரு சீட்டில் ஊர்ப் பெயர் ஒன்றை எழுதி நீட்டினார்.

“நாளைக்கு இங்க போங்க அண்ணாச்சி. நோயாளி மாதிரி கூப்பிடுங்க. ஒத்திகைக்கு ஒரு வண்டி உங்க மேப்பைப் பாத்து வரும்.”

தலைக்கு மேல் வேலை கிடக்கும்போது நோயாளி வேஷம் ஒரு கேடா என்று முணுமுணுத்தார். டீச்சர் தன் வேலைக்குத் திரும்பிவிட்டார்.

மறுநாள் காலை பஸ்ஸை விட்டு இறங்கி, ஒரு தென்னந்தோப்பு வழியாக மண் ரோட்டில் இருபது நிமிஷம் நடந்தார். மட்டைகள் பின்னிக்கொண்டு வானமே தெரியவில்லை. தோப்பு முடிந்ததும் ஊர் வந்தது. முப்பது வீடுகள் இருக்கும். ஊருக்குப் பின்னால் ஆறு.

ஆற்றங்கரையில் நின்று அழைத்தார். டீச்சர்தான் எடுத்தார்.

“வண்டி கிளம்பிட்டு அண்ணாச்சி. ஒம்பது நிமிஷம். லைன்லயே இருங்க.”

நிற்க முடியவில்லை. கரையில் அங்குமிங்கும் நடந்தார்.

நிறைமாதமாக இருந்த ஒரு பெண் வீட்டிலிருந்து வந்து விசாரித்தாள். பெயர் மாசானத்தாய். இது ஒத்திகை என்றும், திங்கள்கிழமைக்கு மேல் ஒரு போன் போட்டால் வண்டி பறந்து வரும் என்றும் கோமதிநாயகம் பெருமையாகச் சொன்னார். தலைப்பிரசவத்துக்குத் தன்னைக் கட்டிலோடுதான் தோப்பு வழியாகத் தூக்கிப் போனார்கள் என்றாள் அவள். இப்போது மண் ரோடு போட்டாயிற்று, வண்டி தாராளமாக வரும் என்றாள். அவளுக்கு அடுத்த வாரம் நாள் குறித்திருந்தார்கள்.

ஒன்பதாவது நிமிஷம் சைரன் கேட்டது. கோமதிநாயகம் தோப்புப் பக்கம் பார்த்தார்.

தோப்பில் ஒன்றும் இல்லை. சத்தம் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

திரும்பினார். அக்கரையில் வெள்ளை வண்டி வந்து நின்றது. டிரைவர் இறங்கி இரண்டு கையையும் தூக்கி ஆட்டினான். நடுவில் ஆறு இரு கரையும் தொட்டு ஓடியது. பாலம் பதினான்கு கிலோமீட்டருக்கு அப்பால்.

“வண்டி வந்துட்டுன்னு காட்டுது அண்ணாச்சி. ஏறிட்டீங்களா?”

அவர் தோப்பைத் திரும்பிப் பார்த்தார். மேலிருந்து எடுத்த படத்தைப் பார்த்துக் கோடு போட்டவனுக்கு, தோப்புக்கு அடியில் ஓடிய ரோடு தெரிந்திருக்காது. ஊர்க்கோடு பெரிய சாலையைத் தொடாமல் அறுந்து நின்றிருக்கிறது. அந்த இருட்டுக்குள்தான் சற்று முன்னால் அவரே நடந்து வந்தார். ஊர்க்கோட்டைக் குப்பையென்று அவர் அழித்ததும், வரைபடத்தில் ஊரை ஒட்டிய சாலை அக்கரைச் சாலை என்று ஆகிவிட்டது.

“டீச்சர், நான் அழிச்ச ரோட்டுல நிக்கேன்.”



மாசானத்தாய் பக்கத்தில் வந்து நின்றாள். வயிற்றில் கை வைத்தபடி அக்கரையையே பார்த்தாள்.

“எனக்கு வலி எடுத்தாலும் வண்டி அங்கனதான் வந்து நிக்குமா சார்?”

கோமதிநாயகம் போனை அணைக்கப் போனார்.

“வைக்காதீங்க,” என்றார் டீச்சர். “அவங்க கேக்காங்கல்லா. பதில் சொல்லுங்க அண்ணாச்சி.”