கல்லை மிதிக்காத கல்யாணம்

சாத்தங்கோட்டை அரண்மனையைப் புதுப்பித்து, தங்கும் விடுதியும் கல்யாண மண்டபமுமாக ஆக்கினார்கள். காவல் வேலைக்கு நானும் கேட்டேன். தரவில்லை. கொம்பையா, வெயிலுமுத்து, பேச்சிமுத்து என்ற அண்ணன் தம்பிகளுக்குக் கொடுத்தார்கள். நல்ல ஆட்கள்தான். சொன்ன சொல்லைத் தட்டமாட்டார்கள்.

முதல் கல்யாணத்தன்று மேனேஜருக்கு வெளியூரில் அவசர வேலை. முற்றத்தில் அடுக்கியிருந்த பழைய சிற்பங்களைக் காட்டிச் சொன்னார்: "கோட்டைக்குள்ள ஒரு கல்லைக்கூட யாரும் மிதிக்கக் கூடாது, பாத்துக்கோங்க."

கார் போனதும் பேச்சிமுத்து குனிந்து பார்த்தான். "அண்ணே, நாம நிக்கதே கல்லுலதான்."

மூவரும் பதறிக் குதித்தார்கள். விழுந்ததும் அதே கல்லில்தான். குதித்தபடியே போய், விடுதி மெத்தைகளை எல்லாம் இழுத்து வந்து தரை முழுக்க விரித்தார்கள். வந்த சனம் கணுக்கால் புதையத் தள்ளாடி நடந்தது. நாதஸ்வரக்காரர் இரண்டு முறை தவில்காரர் மடியில் உட்கார்ந்தார்.

எப்படியோ தாலி கட்டியாயிற்று. அடுத்து அம்மி மிதிக்க வேண்டும்.

"அய்யரே, அம்மின்னா என்ன?" என்று கொம்பையா கேட்டார்.

"கல்லுதான்."

"அப்ப மிதிக்கக் கூடாது."

மாப்பிள்ளையின் தாயார் உலகம்மாள் எழுந்தாள். "அம்மி மிதிக்காத மருமவ என் வீட்டு வாசப்படி ஏறப்பிடாது. கூட்டிட்டுப் போயிருங்க."

பெண்ணின் அப்பா நல்லசிவம், புளி வியாபாரி, கொம்பையாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணாச்சி, எம் மக வாழ்க்கை! அது எங்க வீட்டு அம்மி. நேத்துகூட தேங்காய் அரைச்சோம்."

"வெளிய இருந்தா உங்க அம்மி. உள்ள வந்தா கோட்டைக் கல்லு."

"மேனேஜருக்கு ஒரு போன் போடுங்களேன்."

"போட்டா சொன்னதைத்தான் திருப்பிச் சொல்லுவாரு."

"அப்ப வெளிய தூக்கிட்டுப் போயி மிதிக்கோம்" என்றார் மாப்பிள்ளை.

"அக்னியை விட்டு நகரப்படாது" என்றார் அய்யர்.

வெயிலுமுத்துவுக்கு ஒன்று தோன்றியது. "அண்ணே, பொண்ணு கல்லை மிதிக்கத்தான கூடாது? கல்லு பொண்ணை மிதிச்சா? அம்மியத் தூக்கிக் கால் மேல வைப்போம்."

மணப்பெண் காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள்.

கொம்பையா மீசையைத் தடவியபடி வெகுநேரம் யோசித்தார். "அம்மியும் நகரப்பிடாது, அக்னியும் நகரப்பிடாது. அப்ப கோட்டைதான்ல நகரணும்."

மணவறைக்குப் பக்கத்தில் கிழக்கு மதில். சரிந்து கிடந்ததைப் புதிதாக எடுத்துக் கட்டியிருந்தார்கள். சுண்ணாம்பு இன்னும் காயவில்லை. சமையல்காரர் கடப்பாரை கொடுத்தார். நல்லசிவம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் இடியை அவரே இடித்தார். மாப்பிள்ளை வீட்டு இளவட்டங்களும் சேர்ந்துகொண்டார்கள். பாயசம் காய்ச்சி இறக்குவதற்குள் மதில் விழுந்துவிட்டது.

கொம்பையா அந்தப் பக்கம் பார்த்தார். வயல் தெரிந்தது. இந்தப் பக்கம் பார்த்தார். மணவறை தெரிந்தது. நடுவில் ஒன்றும் இல்லை.

"இப்ப நாம வெளிய இருக்கோம். மிதிக்கச் சொல்லுங்க."

பெண் அம்மியை மிதித்தாள். உலகம்மாள் மருமகளுக்குத் திருநீறு பூசினாள். எல்லாரும் திருப்தியாகச் சாப்பிட்டார்கள்.

மாலையில் மேனேஜர் வந்து, மதில் இருந்த இடத்தில் நின்றார்.

கொம்பையா தொப்பியைச் சரிசெய்துகொண்டு சல்யூட் அடித்தார்.

"கவலைப்படாதீங்க சார், ஒருத்தரையும் ஒரு கல்லைக்கூட மிதிக்க விடல. இடிக்கும்போதுகூட நாங்க மதில் மேல ஏறல. கீழ நின்னுதான் இடிச்சோம்."