பாத்துக்கலாமுங்க

இந்தக் கதையில் பொய் சொன்னவர் ஒருவரும் இல்லை. அப்படியிருந்தும் பரீட்சைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது முந்நூறு பிள்ளைகளின் பாடம் பாதியில் நின்றுபோயிற்று. எப்படி நின்றது என்று சொல்கிறேன், காதைக் கொடுத்துக் கேளுங்கள். முடிவில் உங்களிடம் ஒரு கேள்வி கேட்பேன்.

கோயம்புத்தூரில் கலாமணி என்று ஒரு பாலிடெக்னிக் ஆசிரியை. அவளும் நண்பர்கள் சிலரும் சேர்ந்து 'செவிவழி' என்றொரு மென்பொருளைச் செய்தார்கள். புத்தகப் பக்கத்தைப் போனில் படமெடுத்து அனுப்பினால், பார்வையில்லாத பிள்ளைகளுக்கு அது தமிழில் வாசித்துக் காட்டும். கட்டற்ற மென்பொருள், யாரும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், விலை கிடையாது. விலை இல்லை, சரி. அது உட்கார்ந்து வேலை செய்ய ஒரு சர்வர் வேண்டாமா? ஒரு கல்லூரியின் கணினிக்கூடத்து மூலையில் நான்கு வருஷமாக ஓசியில் ஓடிக்கொண்டிருந்தது. கூடத்தை இடிக்கப் போகிறோம், பிப்ரவரி இருபதுக்குள் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கல்லூரி சொல்லிவிட்டது.

செய்தி பரவியதும் பல்லடத்திலிருந்து ஹேமப்பிரியா போன் செய்தாள். செவிவழியில் பாடம் கேட்கிற பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை.

"அக்கா, நிக்காதுல்லீங்க? வரலாறு இன்னும் ஆறு பாடம் பாக்கி கெடக்குது."

"நிக்காது கண்ணு," என்றாள் கலாமணி.

சொல்லிவிட்டாள். அப்புறம்தான் இடம் தேடக் கிளம்பினாள்.

நாகர்கோவிலில் ஜெபநேசன் என்பவர் சர்வர் வாடகைக்கு விடும் சின்னக் கம்பெனி நடத்துகிறார். வருஷத்துக்கு ஒரு சர்வரைப் பொதுக்காரியத்துக்கு இலவசமாகக் கொடுப்பது அவர் வழக்கம். "பத்தாம் தேதிக்குள்ள சொல்லிருங்கக்கா. இல்லேன்னா அடுத்து நிக்குத ரத்ததானக் குழுவுக்குக் குடுத்துருவேன்," என்றார்.

அதே வாரம் நூற்பாலை முதலாளி சென்னியப்பனைப் பார்க்க வழி கிடைத்தது. ஆலைக்குள்ளேயே சர்வர் அறை, ஜெனரேட்டர், இரண்டு இன்டர்நெட் இணைப்பு. கலாமணிக்கு அதைப் பார்த்ததுமே நெஞ்சு நிறைந்துவிட்டது. பெரியவர் மோர் வரவழைத்துக் கொடுத்து, பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டார்.

"கண்ணு தெரியாத புள்ளைங்களுக்கா? நல்ல காரியமுங்க அம்மிணி. பாத்துக்கலாமுங்க."

நம் தமிழில் இப்படி ஒரு சொல் இருக்கிறதே! கல்யாண வேலைக்கு ஆள் போதாது என்று கவலைப்பட்டால் தாய்மாமன் 'பாத்துக்கலாம்' என்பான். விடிவதற்குள் பந்தலில் வந்து நிற்பான். பையனுக்கு வேலை கேட்டுப் போனால் அதிகாரியும் 'பாத்துக்கலாம்' என்பார், அத்தோடு சரி. எந்தப் பாத்துக்கலாம் எது என்று முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கலாமணி முகத்தைப் பார்த்தாள், சிரித்த முகம். எந்தத் தேதிக்குங்க என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. பெரிய மனுஷரைத் துருவித் துருவிக் கேட்டால் நம்பவில்லை என்று ஆகிவிடாதா? கும்பிட்டுவிட்டு எழுந்து வந்தாள்.

பத்தாம் தேதி ஜெபநேசனுக்குப் போன் போட்டாள். "இடம் கெடச்சிருச்சுங்க தம்பி. ரத்ததானக்காரங்களுக்கே குடுத்துருங்க. நாங்க ரெண்டு எடத்தப் புடிச்சு வெச்சுக்கிட்டா பாவம்."

"நல்லா யோசிச்சுத்தானே சொல்லுதீங்க?"

"ஆமாங்க."

பதினெட்டாம் தேதி ஆலைக்குப் போனாள். சென்னியப்பன் விழித்தார்.

"பாத்துக்கலாம்னுதானுங்களே சொன்னேன்? அன்னிக்கே கம்ப்யூட்டர் பாத்துக்கற பசங்ககிட்டக் கேட்டேன். மில்லு சர்வருக்குள்ள வெளியாளு வரக் கூடாதுன்னுட்டாங்க. மூஞ்சிக்கு நேரா இல்லைன்னு எப்படிங்க சொல்றது? நீங்களும் மறுக்கா கேக்கல. வேற எடம் கெடச்சிருச்சாக்கும்னு இருந்துட்டேன்." அவர் தலை குனிந்திருந்தது. வேண்டுமென்று செய்தவர் அல்ல, மனுஷர் நிஜமாகவே கூசிப்போனார்.

கலாமணி வெளியே வந்தாள். வாசலில் நின்றபடியே நாகர்கோவிலுக்குப் பேசினாள். "ரத்ததானக்காரவ நேத்துத்தான் ஏத்திட்டாவக்கா," என்றார் ஜெபநேசன். "அறுநூறு பேரு பதிஞ்சிருக்காவ. இப்ப எப்படி எறக்கிவிட? என்னால முடியாது."

அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையாயிற்று. நண்பன் ஒருவன் தன் வீட்டுக் கணினியில் ஏற்றிப் பார்த்தான். நாற்பது பேர் ஒரே சமயத்தில் பாடம் கேட்டதும் அது மூச்சடைத்து நின்றது. வாடகைக்கு எடுக்கக் கையில் பணமில்லை; தெரிந்தவர்களுக்கெல்லாம் எழுதினார்கள். பரீட்சை முடியட்டும், ஏப்ரலில் பேசுவோம் என்றுதான் பதில் வந்தது. இருபதாம் தேதி கல்லூரி மின்சாரத்தைத் துண்டித்தது.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். இல்லை என்று சொல்லக் கூசிய சென்னியப்பன், கொடுத்த இடத்தைத் திருப்பி வாங்க மறுத்த ஜெபநேசன், கிடைத்த இடத்தை அடுத்தவருக்கு விட்டுக்கொடுத்த கலாமணி. அந்தப் பிள்ளைகளைக் கைவிட்டது இந்த மூவரில் யார்?

விடை: ஜெபநேசன் அல்ல. அவர் தேதி சொன்னார், சொன்னபடி நடந்தார். 'முடியாது' என்று நேராகச் சொல்லும் தைரியமும் அவருக்குத்தான் இருந்தது. சென்னியப்பன் மேல் பாதிப் பழி உண்டு, ஒரு போன் செய்திருக்கலாம். ஆனால் 'நிக்காது கண்ணு' என்று சொன்னது அவர் அல்ல. சொன்னவள் கலாமணி. தேதி கேட்காததற்கு மரியாதை என்று அவள் பேர் வைத்துக்கொண்டாள்; உள்ளே இருந்தது பயம். கேட்டால் இல்லை என்று வந்துவிடுமோ என்ற பயம். இதை ஊர் சொல்லுமுன் அவளே ஹேமப்பிரியாவுக்குப் போன் செய்து ஒளிக்காமல் சொன்னாள். மிச்சம் ஆறு பாடத்தையும் தானே தினமும் போனில் வாசித்துக் காட்டுவதாகவும் சொன்னாள். அந்தப் பிள்ளை சரிங்க என்றது. அப்புறம், "மத்தவங்களுக்கு யாருங்க அக்கா வாசிப்பாங்க?" என்று கேட்டது.