மாமியாரின் சாவிக்கொத்து

பதினோரு வருஷம் ஓடிய ‘ஏழு வாசல் வீடு’ தொடர் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அதோடு, அதில் நடிப்பவர்களின் உடைகளைக் கவனிக்கும் அஞ்சுகத்தின் வேலையும் முடிகிறது.

சேனல் தலைவர் தாண்டவராயன் எல்லாரையும் கூப்பிட்டு மேஜையைத் தட்டினார். “திங்கட்கிழமை புதுத் தொடர். பழைய நேயர் ஒருத்தர்கூட வேற சேனல் பக்கம் போகக் கூடாது. வழி சொல்றவங்களுக்கு இங்கே வேலை உண்டு. மத்தவங்க மூட்டை கட்டலாம்!”

எல்லாரும் மின்விசிறியைப் பார்த்தார்கள்.

“நான் சொல்லட்டுங்களா ஐயா?” என்றாள் அஞ்சுகம்.

“புடவை மடிக்கிற நீயா? சொல்லு, சிரிச்சு நாளாச்சு.”

“நம்ம தொடர்ல மாமியாரா எத்தனை பேர் நடிச்சாங்க?”

“மூணு பேர். ஒவ்வொரு தடவையும் ‘இவருக்குப் பதில் இவர்’னு எழுத்துப் போட்டேன். ஜனங்க ஏத்துக்கிட்டாங்க.”

“முகம்தான் மாறிச்சு ஐயா. அரக்குப் புடவையும் இடுப்புச் சாவிக்கொத்தும் மாறலை. புது மாமியாருக்கும் அதையே குடுத்து, ‘அந்தத் தொடருக்குப் பதில் இந்தத் தொடர்’னு போடுங்க.”

அப்படியே போட்டார்கள். ஒரு நேயரும் நகரவில்லை. “மாமியார் இளைச்சிட்டாங்களே, உடம்புக்கு என்ன?” என்று விசாரித்துத்தான் போன்கள் வந்தன.

“எப்படி என் யோசனை!” என்று மீசையை முறுக்கினார் தாண்டவராயன். அஞ்சுகத்தைப் பார்த்ததும், “உனக்குப் பதில் வேற ஆள் போட்டாச்சு. நீ கிளம்பு” என்றார்.

“ஆகட்டும் ஐயா. அந்தச் சாவிக்கொத்து எங்க வீட்டுது. எடுத்துக்கிட்டுப் போறேன்.”

மீசையிலிருந்த கை கீழே இறங்கியது.

“அஞ்சுகம்மா,” என்றார் அவர், “நிக்கிறீங்களே, உட்காருங்க!”